உப்பு நீரில் கரைவது எந்த வகை மாற்றம்?

வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் இரண்டையும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். பனிக்கட்டி உருகினாலும் அது நீர்தான். மெக்னீசியம் எரிந்தால் மெக்னீசியம் ஆக்சைடு என்ற புதுப் பொருள். இதுவரை சரி.

சிக்கல் உப்பில்தான். நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) படிகத்தை விட்டுப் பிரிகின்றன, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. அயனிப் பிணைப்பே விடுபடுகிறதே, அப்புறம் எப்படி இது இயற்பியல் மாற்றம்? நீரை ஆவியாக்கினால் உப்பு திரும்பக் கிடைக்கும் என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. நீல நிறக் காப்பர் சல்பேட்டைச் சூடாக்கினால் வெள்ளையாகிறது, நீர் விட்டால் மறுபடி நீலம். சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்குள் நடப்பதும் வேதிவினைதான், அதுவும் திரும்புகிறது. உடைந்த கண்ணாடியோ தானாக ஒட்டாது, ஆனால் அது இயற்பியல் மாற்றமாம்!

ஹைட்ரஜன் குளோரைடு வாயு நீரில் கரைவது வேதிவினை என்பதில் குழப்பமில்லை. அங்கே நீர் மூலக்கூறோடு ஹைட்ரஜன் அயனி சேர்ந்து ஹைட்ரோனியம் அயனி புதிதாக உருவாகிறது. உப்புக் கரைசலில், நீர் சூழ்ந்த அயனியைப் புதுப் பொருளாகக் கணக்கில் எடுப்பதா, வேண்டாமா? எல்லைக்கோடே மங்கலானது என்று சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. ஆனால் தேர்வில் எழுத ஒரு பதில் வேண்டுமே. நீங்கள் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?