மறு: ரிப்பீட்டருக்குத் தமிழ்ச்சொல் – 'உடன்பரப்பி'

கம்பியில்லாத் தொடர்புக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தொகுக்கும் குழுவினருக்கு வணக்கம். திருப்பூர் நண்பர் கேட்டிருந்தது:

> திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கும் அதன் சாயப்பட்டறைக்கும் இடையே வாக்கி டாக்கி எட்டவில்லையாம். ஹாம் செட் (தேர்வெழுதி உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்கள் பேசும் கருவி) இரண்டை மொட்டை மாடியில் ரிப்பீட்டராக வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பதிலைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ரிப்பீட்டருக்கே சொல் அமையவில்லை. 'மறுபரப்பி' போதுமா?

போதாது என்பது என் கருத்து. ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் வருவதை வாங்கி, வாங்கும்போதே வேறோர் அதிர்வெண்ணில் அனுப்புகிறது. ஹாம்களுக்கு உரிய 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இவ்விரண்டுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் விடுவார்கள், 145.000-இல் பேசினால் 145.600-இல் கேட்கும். அனுப்பியின் வலுவான அலை அருகிலேயே இருக்கும் ஏற்பியைச் செவிடாக்கிவிடும் என்பதால்தான், ஒரே ஆன்டெனாவில் இரண்டையும் ஓட்ட விரும்புவோர் கேவிட்டி (உட்குழி) வடிகட்டிகளால் இரு அலைகளையும் பிரித்துவைக்கும் டூப்ளெக்சருக்குப் பெருஞ்செலவு செய்கிறார்கள். ஆக, இரு அதிர்வெண்களும் ஒரே நேர இயக்கமுமே இக்கருவியின் உயிர்நிலை. 'மறு' என்னும் முன்னொட்டோ, ஒன்று முடிந்தபின் இன்னொரு முறை நிகழ்வதைக் குறிக்கிறது. அப்படி இயங்கும் கருவியும் இருக்கவே செய்கிறது: பேச்சைப் பதிவு செய்துகொண்டு, பேசியவர் பொத்தானை விட்டபின் அதே அதிர்வெண்ணில் கிளிப்பிள்ளை போலத் திருப்பி ஒப்பிக்கும் வகை அது. 'மறுபரப்பி'யை அதற்கே விட்டுவிடலாம்.

'ரிலே'க்கு வழங்கிய 'அஞ்சல்' என்பதை மீட்கலாம் என்று கோவை நண்பர் எழுதியிருந்தது நல்ல யோசனை. வானொலியில் 'தில்லி அஞ்சல்' கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது பழகிய சொல்தான். ஆனால் அதிலிருந்து கருவிப்பெயர் ஆக்கினால் 'அஞ்சலி' என்று வந்து நிற்கிறது; நம் ஊர்ச் சுவர்களில் அச்சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 'இடையஞ்சல்' என்றாலோ, ஓர் எழுத்து விட்டுப்போனால் 'இடைஞ்சல்' ஆகிவிடும். உரிமமில்லாமல் வைத்த கருவிக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம்.

எனவே 'உடன்பரப்பி' என்பதை முன்மொழிகிறேன். 'உடன்' என்பது 'உடனே' என்றும் 'கூடவே' என்றும் இரு பொருள் படுமே என்ற ஆட்சேபம் வரக்கூடும். இங்கே இரு பொருளும் ஒத்துவருகின்றன. இரட்டைப்பட்டை ஹாம் செட்டுகள் சிலவற்றில் ஒரு பட்டையில் கேட்டதை மற்றப் பட்டையில் அனுப்பும் வசதி இருக்கிறதே, அதைப் 'பட்டை மாற்று உடன்பரப்பி' எனலாம்.

இனித் திருப்பூர்க் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மொபைல் (வண்டியில் பொருத்தும்) செட்டுகளை எடுத்து, ஒன்றின் ஸ்குவெல்ச் (அலை வராதபோது இரைச்சலை அடக்கும் சுற்று) திறக்கும்போது கிடைக்கும் மின்குறியை மற்றதன் பிடிடி (பேச அழுத்தும் பொத்தான்) முனைக்குக் கொடுத்து, ஒலிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தால் உடன்பரப்பி தயார். அது ஓடவும் செய்யும். ஆனால் இவ்வகை செட்டுகள் விட்டுவிட்டுப் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை. ஷிப்டு முழுக்கப் பேச்சு ஓடினால், 50 வாட் திறனில் பின்புறத்தில் வெப்பம் தணிக்கும் துடுப்புகள் கை வைக்க முடியாதபடி கொதித்துவிடும். சித்திரை மாதத்தில் மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் வைத்தால் இறுதிநிலை டிரான்சிஸ்டர் எத்தனை நாள் தாங்குமோ தெரியாது. ஏற்பியும் பரந்த எல்லையில் கேட்கும்படி அமைந்தது. பக்கத்து அலைக்கோபுரங்களின் கலப்பு இரைச்சலை வடிகட்டும் வல்லமை அதற்குக் குறைவு.

இவை பணத்தால் தீரக்கூடியவை. சட்டச் சிக்கல் அப்படித் தீராது, அதைத் தமிழில் விளக்கும்போது நம் சொற்களே குறுக்கே நிற்கின்றன. 'உரிமம் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் எது இருக்கிறது என்பது விளங்குவதில்லை. ஆளுக்கு உரியதை 'இயக்குரிமம்' என்றும், கருவிக்கு உரியதை 'வகைச்சான்று' என்றும், அலைக்கு உரியதை 'அதிர்வெண் ஒதுக்கீடு' என்றும் பிரித்து வழங்கினால் பாதிக் குழப்பம் விலகும். ஹாம் ஒருவர் தேர்வெழுதிப் பெறுவது இயக்குரிமம். 1978-ஆம் ஆண்டின் விதிகளின்கீழ் வரும் அது ஹாம் பட்டைகளுக்கு மட்டுமே செல்லும். பண நோக்கின்றித் தற்பயிற்சிக்காகவும் தொழில்நுட்ப ஆய்வுக்காகவும் நடப்பதே இச்சேவை என்று சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் வரையறுக்கின்றன. ஆகவே கம்பெனிப் பேச்சை ஹாம் பட்டையில் ஓட்டவும் முடியாது, அந்த இயக்குரிமத்தைக் காட்டி வணிக அதிர்வெண்ணில் ஏறவும் முடியாது. நிறுவனம் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டப் பிரிவில் தனக்கென அதிர்வெண் ஒதுக்கீடு பெற்றாக வேண்டும். கருவியைக் கையில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்றது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்துக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவரப்பட்டிருக்கிறது.

இணையத்தில் அமெரிக்கக் குறிப்புகளைப் படித்துவிட்டு, செட்டுக்குள் ஒரு ஜம்பரை (இணைப்புத் துண்டை) வெட்டினால் எல்லா அதிர்வெண்ணும் திறந்துகொள்ளும் என்று சொல்வோர் நம் பக்கத்திலும் உண்டு. திறந்துகொள்வது உண்மைதான், ஆனால் அந்நாட்டிலும் வணிகச் சேவைக்கான தொலைத்தொடர்பு ஆணைய (FCC) விதிகளின் 90-ஆம் பகுதிப்படி சான்று பெற்ற அனுப்பியே செல்லும், ஹாம் செட்டுக்கு அச்சான்று கிடையாது. 2013 ஜனவரி முதல் அங்கே வணிகப் பட்டைகளில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கும் குறுகலலை கட்டாயமாகியிருப்பதால், பழைய அகல அலை செட்டுகள் அந்த வகையிலும் தேறா. தலைகீழாகச் செய்வதற்குத் தடையில்லை: வணிகச் சான்று பெற்ற செட்டை ஹாம் ஒருவர் தம் பட்டைக்கு மாற்றி ஓட்டலாம்.

திருப்பூர் நண்பர் அந்தக் கம்பெனிக்காரரிடம், கட்டடத்துக்குள் பேசக் குறைந்த திறன் செட்டுகள் போதுமென்றால் உரிம விலக்குப் பெற்ற 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பார்க்கும்படியும், சாயப்பட்டறை வரை எட்ட வேண்டுமென்றால் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்படியும் சொல்லலாம்.

சொற்பட்டியலுக்கான வரைவு: 'உடன்பரப்பி: ஓர் அதிர்வெண்ணில் ஏற்கும் குறியலையை, ஏற்கும்போதே வேறோர் அதிர்வெண்ணில் பரப்பும் நிலையம்.' டூப்ளெக்சருக்கு 'இருதிசைப் பிரிப்பி' என்று எழுதிப் பார்த்தேன். அது பிரிப்பது திசையை அன்று, அதிர்வெண்ணை என்பதால் மனம் ஒப்பவில்லை. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து