மறு: வரைதாளின் டைட்டில் பிளாக்: ‘தலைப்புக் கட்டம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கட்டட வடிவமைப்பு மென்பொருளுக்கான சொற்பட்டியலில் வரைதாள் பகுதி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வரைதாளின் ஓரத்தில் அதன் தலைப்பு, எண், ஒப்புதல் முதலியவற்றைக் காட்டும் இந்த டைட்டில் பிளாக் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. தலைப்புக் கட்டம், தலைப்புப் பெட்டி, தலைப்புத் தொகுதி, பெயர்ப்பலகை, தாள்முகம், விவரக்கட்டம் என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். கட்டடமா கட்டிடமா என்ற பழைய வழக்கை மட்டும் இந்த இழையில் யாரும் கிளப்ப வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

> தலைப்புக் கட்டம் என்றால் வரைபடம் படித்த எவருக்கும் புரியும். புரிகிற சொல்லை விட்டுவிட்டு ஏன் வேறு தேட வேண்டும்?

புரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதற்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 7200. அதன் 2004 பதிப்பு கட்டாயம் என்று சொல்லும் புலங்கள், அதாவது நிரப்ப வேண்டிய இடங்கள், எட்டு: ஆவணத்தின் சட்டப்படியான உரிமையாளர், அடையாள எண், வெளியிட்ட நாள், தாள் எண், தலைப்பு, ஒப்புதல் தந்தவர், உருவாக்கியவர், ஆவண வகை. தலைப்பு என்பது எட்டில் ஒன்று. அந்த ஒன்றின் பெயரை முழுவதற்கும் வைத்துவிட்டால், உதவிப் பக்கத்தில் “தலைப்புக் கட்டத்தில் உள்ள தலைப்புக் கட்டத்தைச் சொடுக்கவும்” என்று எழுத வேண்டி வரும். மூல மொழியில் பெயர் அப்படி அமைந்துவிட்டது என்பதற்காக நாமும் அதே குழிக்குள் இறங்க வேண்டியதில்லை.

தலைப்புப் பெட்டிக்கு வேறு தொல்லை. சாளரத்தின் மேல்விளிம்பைத் தலைப்புப் பட்டை என்று ஏற்கெனவே சொல்கிறோம். உரையாடல் பெட்டி, உரைப்பெட்டி என்று பெட்டிகளும் நிறைய. திரையில் மட்டுமே தெரிகிற இவற்றோடு, தாளில் அச்சாகிக் கட்டுமான இடம் வரைக்கும் போகிற ஒன்றைச் சேர்த்தால் பயனர் குழம்புவார். தலைப்புத் தொகுதி இன்னும் மோசம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பிளாக் என்பது தனியான ஒரு பொருள்வகை. கதவு, நாற்காலி, வடதிசைக் குறி எல்லாமே பிளாக்காக இருக்கும். அதற்குத் தொகுதி என்று போன மாதம்தான் முடிவு செய்தோம். வேறு மென்பொருள்களில் டைட்டில் பிளாக் அந்த வகைப் பொருளே இல்லை என்பதால், தொகுதி என்ற சொல் ஓரிடத்தில் உண்மையாகவும் மற்ற இடங்களில் பொய்யாகவும் நிற்கும்.

பெயர்ப்பலகை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டடத்தின் முகப்பில் வைக்கிற பெயர்ப்பலகையே கட்டட மாதிரியில் ஒரு பொருளாக வரும். அதை என்ன செய்வது?

> பாயிரத்துக்கு நூன்முகம் என்றொரு பெயர் உண்டே. அந்த வழியில் தாள்முகம் என்றால் என்ன?

ஐயா, இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டைச் சொல்ல வேண்டும் என்பது பழைய இலக்கணம். ஐஎஸ்ஓ கேட்பதும் எட்டு! காலமும் களமும் காரணமும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்பதால், விருப்பப் புலங்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல். சொல்லாக வைத்துப் பார்த்தால் தாள்முகம் நிற்கவில்லை. முகம் என்றதும் தாளின் முன்பக்கம் முழுவதும்தான் நினைவுக்கு வருகிறது. இதுவோ வலது கீழ் மூலையில் இருக்கும். கட்டடக்கலை அலுவலகங்கள் பலவற்றில் வலப்பக்க ஓரமாக மேலிருந்து கீழ்வரை நீளும். முகம் அங்கே இருக்காது.

விவரக்கட்டத்துக்கு ஆதரவு அதிகம் என்று தெரிகிறது. எனக்கும் அதன் பக்கம் சாய்வு இருந்தது. தடுப்பது ஒன்றுதான்: கட்டட வரைபடங்களில் படிக்கட்டின் விளிம்பு, சன்னலின் அடிப்பகுதி போன்றவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் படங்களுக்கு விவர வரைபடம் என்ற பெயர் வேரூன்றிவிட்டது. ஒரே தாளில் விவரம் 1, விவரம் 2 என்று படங்கள் இருக்க, ஓரத்தில் விவரக்கட்டம் இருந்தால், அது அந்தப் படங்களின் பட்டியலோ என்றுதான் தோன்றும்.

ஆகவே என் பரிந்துரை: அடையாளக் கட்டம்.

இந்தத் தாள் எது, யாருடையது, எந்தத் திருத்தம், யார் ஒப்புதல் தந்தார் என்று சொல்வதுதான் அதன் வேலை. அடையாள அட்டை என்ற சொல் தெரியாத தமிழர் இல்லை என்பதால் முன்பாதிக்கு விளக்கம் தேவைப்படாது. பின்பாதியான கட்டம் நமக்கு ஏற்கெனவே நிரப்புகிற பொருள். குறுக்கெழுத்திலும் கட்டத்தை நிரப்புகிறோம், சாதகத்திலும் கட்டம் போடுகிறோம். பட்டையை நிரப்பு, பலகையை நிரப்பு என்று யாரும் பேசுவதில்லை.

கட்டம் என்பதற்குக் கட்டுமானத்தில் காலப்பிரிவு என்ற பொருளும் உண்டே, முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்பதுபோல், என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ரெவிட் என்ற கட்டட மென்பொருளில் அந்தக் காலப்பிரிவு காட்சியிலும் கட்டடப் பொருளிலும் பண்பாக வந்து நிற்கும். அதற்குப் பணிநிலை என்று வைத்துவிட்டால் மோதல் தீர்ந்தது. தூண்களை நிறுத்தப் போடுகிற கோட்டுவலைக்கும் கட்டம் வேண்டாம், அச்சுக்கோடு இருக்கிறது.

சரி, இனிதான் சிக்கலான இடம். மென்பொருள்கள் டைட்டில் பிளாக் என்று சொல்வது எல்லா இடத்திலும் ஒரே பொருளை இல்லை. ஐஎஸ்ஓ சொல்வது அந்த அட்டவணையை மட்டும். ரெவிட் சொல்வது தாளின் விளிம்புக்கோடு, நிறுவனச் சின்னம், அட்டவணை அனைத்தும் அடங்கிய, ஃபேமிலி எனப்படும் ஒரு குடும்பக் கோப்பை. அங்கே தாளின் அளவே அந்தக் கோப்பிலிருந்துதான் வருகிறது. ஏ1 தாள் வேண்டுமா, 594-க்கு 841 மி.மீ. விளிம்பு கொண்ட டைட்டில் பிளாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்க்கிகேடில் இதே வேலையைச் செய்வது மாஸ்டர் லேஅவுட். ஃப்ரீகேடின் வரைபடப் பகுதியான டெக்டிராவில் எஸ்விஜி என்ற பட வடிவில் இருக்கும் வார்ப்புருக் கோப்பு. ஆகப் பெரிய பொருளுக்குத் தாள் வார்ப்புரு என்றும், அதற்குள் இருக்கும் அட்டவணைக்கு அடையாளக் கட்டம் என்றும் இரண்டாகப் பிரிப்பதே நல்லது. சட்டகம் என்று ஒருவர் சொன்னார். கட்டட மென்பொருளில் அது தூண், உத்தரங்களின் கூட்டுக்குப் போய்விட்டது.

அடுத்து உள்ளே இருப்பவை. மாற்றியமைக்க உட்காருகிறவர் திணறுவது இங்கேதான், நாம் கவனமாக இருக்க வேண்டியதும் இங்கேதான். “வரைந்தவர்” என்ற எழுத்து எல்லாத் தாளிலும் அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் வரும் பெயர் தாளுக்குத் தாள் மாறும். ரெவிட்டில் முன்னது டெக்ஸ்ட், பின்னது லேபிள். ஆட்டோகேடில் பின்னது அட்ரிபியூட். ஆர்க்கிகேடில் ஆட்டோடெக்ஸ்ட். டெக்டிராவில் எடிட்டபிள் என்று பண்பு தரப்பட்ட உரை. தாளில் அதன் அருகே பச்சைச் சதுரம் தெரியும். பெயர் நான்காக இருந்தாலும் வேலை ஒன்று. முன்னதை நிலையுரை என்றும் பின்னதைப் புலம் என்றும் சொன்னால் நான்கு மென்பொருளுக்கும் ஒரே கையேடு எழுதலாம். லேபிளை ‘சிட்டை’ என்று நேராக மொழிபெயர்த்தால், மாறாத எழுத்தைத்தான் சிட்டை என்கிறார்கள் என்று பயனர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

புலத்திலும் இரண்டு உண்டு. திட்டத்தின் பெயரை ஒரு தாளில் மாற்றினால் எல்லாத் தாளிலும் மாறும்; தாளின் பெயரை மாற்றினால் அது மட்டும் மாறும். இவை திட்டப் புலம், தாள் புலம். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிந்தால், “ஒரு தாளில்தானே மாற்றினேன், ஏன் எல்லாம் மாறியது” என்ற கேள்வி பாதி குறையும்.

ரெவிட்டில் நாமாக ஒரு புலம் சேர்க்க வேண்டுமானால், அது பகிர் அளபுருவாக, அதாவது பல கோப்புகள் பகிரும் பாராமீட்டராக, இருந்தால்தான் அடையாளக் கட்டத்தில் காட்ட முடியும். திட்டத்துக்குள் மட்டும் உருவாக்கிய அளபுரு அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. பகிர் அளபுருவை மென்பொருள் அடையாளம் காண்பது பெயரை வைத்து இல்லை, உள்ளே இருக்கும் நீண்ட தனி எண்ணை வைத்து. இரண்டு பேர் தனித்தனியே ‘ஒப்புதல் எண்’ என்று உருவாக்கினால் பெயர் ஒன்று, ஆள் வேறு. ஒன்றில் நிரப்பியது மற்றதில் வராது. பகிர் என்ற முன்னொட்டைச் சொற்பட்டியலில் சுருக்கம் கருதி விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

புலப்பெயர்களில் இரண்டை மட்டும் தனியே சொல்கிறேன், மற்றவை இணைப்பில் உள்ளபடி இருக்கட்டும். உரிமையாளர் என்று வெறுமனே போட்டால் வீட்டுக்காரர் பெயரை எழுதிவிடுவார்கள். ஐஎஸ்ஓ கேட்பது ஆவணம் யாருக்குச் சொந்தம் என்பதை. எனவே ஆவண உரிமையாளர். ரிவிஷனுக்குத் திருத்தம் சரியான சொல். ஆனால் எடிட் பொத்தானுக்கும் திருத்து என்று போட்டிருக்கிறோம். தமிழ் விக்கிப்பீடியா வழியில் பொத்தானைத் தொகு என்று மாற்றிவிட்டு, திருத்தத்தை வரைபடத்துக்கே விட்டுவிடலாம். வரைபடத்தில் திருத்தம் என்பது எண்ணும் நாளும் போட்டு அட்டவணையில் ஏற்றப்படுகிற முறையான செயல், தட்டச்சுப் பிழையைச் சரிசெய்வது போன்றதல்ல.

> கஸ்டமைஸ் என்பதற்குத் தனிப்பயனாக்கு என்று எல்லா இடத்திலும் இருக்கிறதே, அதையே போடலாம்.

இங்கே வேண்டாம். அடையாளக் கட்டத்தை மாற்றுவது ஒருவருடைய தனிப்பயனுக்காக இல்லை, அலுவலகம் முழுவதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக. மாற்றியமை போதும்.

வணக்கத்துடன்.

— — —

மறுமொழி:

அடையாளக் கட்டத்துக்கு என் ஆதரவு. நடைமுறையில் எல்லோரும் டைட்டில் பிளாக் என்றுதான் சொல்வார்கள், அதனால் உதவிப் பக்கத்தின் தேடலில் அந்த வடிவமும் அகப்பட வேண்டும்.

ஆனால் சொற்களின் நீளத்தை யாரும் பேசவில்லையே. ஐஎஸ்ஓ 7200 சொல்லும் கட்டத்தின் அகலம் 180 மி.மீ. ஏ4 தாளின் 210-இல் கோப்பில் கோக்க இடப்பக்கம் 20, வலப்பக்கம் 10 போக மிச்சம் அதுதான். பெரிய தாளிலும் அதே 180. அதற்குள் ‘சட்டப்படியான ஆவண உரிமையாளர்’ என்று நிலையுரை போட்டால் பெயர் எழுத இடம் ஏது? 2.5 மி.மீ. உயரத்தில் ரோமன் எழுத்து தெளிவாக இருக்கும். நம் ‘றீ’யும் ‘ணூ’வும் மேலும் கீழும் நீட்டிக்கொண்டு பக்கத்துக் கோட்டைத் தொடும். நிலையுரைகளுக்குச் சுருக்க வடிவமும் பட்டியலில் தர வேண்டும்.

இன்னொன்று, ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களை நம்பித் தமிழில் வார்ப்புரு செய்துவிடாதீர்கள். ஒருங்குறி ட்ரூடைப் எழுத்துருதான் வேண்டும். எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்செடுத்துப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

— — —

மறுமொழி:

ஏற்கிறேன். சொற்பட்டியலை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கிறேன்: பட்டியல்களில் காட்ட முழுவடிவம், கட்டத்தில் அச்சிடச் சுருக்கம். ஆவண உரிமையாளர் கட்டத்தில் ‘உரிமை’ ஆகிறது, ஒப்புதல் தந்தவர் ‘ஒப்புதல்’, வெளியிட்ட நாள் ‘நாள்’. அடையாள எண்ணுக்கு ‘எண்’ போதாது. தாள் எண்ணும் அங்கேயே இருப்பதால் ‘ஆவண எண்’, ‘தாள்’ என்று பிரித்திருக்கிறேன். நிலையுரையை 2.5 மி.மீ.-இலிருந்து 3.5-க்கு உயர்த்தினால் எழுத்து தெளிவாகும் என்று நினைக்கிறேன், ஆனால் ‘ணூ’ கோட்டைத் தொடாமலிருக்க வரிசையின் உயரத்தையும் கூட்ட வேண்டும்.

தாள் எண்ணிக்கையின் வரிசையும் கவனிக்க வேண்டியது. தமிழில் ‘12 தாள்களில் 3’ என்று மொத்தம் முன்னால் வரும். மென்பொருள் இரண்டு எண்களின் இடத்தை மாற்ற விடாவிட்டால் ‘தாள் 3 / 12’ என்று சாய்கோட்டோடு வைத்துக்கொள்வோம்.

மீதி ஒன்று. ஒரே தாளில் வெவ்வேறு அளவுவிகிதப் படங்கள் இருந்தால், ரெவிட் அளவுவிகிதப் புலத்தில் எண்ணுக்குப் பதிலாக, படத்தில் உள்ளபடி பார்த்துக்கொள்ளவும் என்ற பொருளில் ஒரு சொற்றொடரைத் தானே நிரப்பும். ‘குறித்தபடி’, ‘படத்தில் காண்க’ இரண்டும் கையில் இருக்கின்றன. நான் முதலாவதின் பக்கம். எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள், மற்றவற்றைக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.