மேப்பில் காலி, வாசலில் லாரி: உங்களுக்கும் நடந்திருக்கா?

கோட்டை அகழி:
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் பதனிடும் கம்பெனி. நெட்வொர்க்கில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று மேப் போடுகிற டூல் ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடும். வீலேன் 30-ல் (ஸ்விட்சுகளுக்குள் தனியாகப் பிரித்த ஒரு நெட்வொர்க்) ஒரு மெஷினும் இல்லை என்று காட்டியது, பழைய ஆள் விட்டுப்போன குப்பை என்று ட்ரங்க்கில் இருந்து, அதாவது ஸ்விட்சுகளுக்கு நடுவே பல வீலேனைச் சுமக்கிற லைனில் இருந்து, எடுத்துவிட்டேன். காலையில் போன். போனால் கேட்டில் இருந்து ரோடு வரை லாரி. எடைமேடை கம்ப்யூட்டர் அந்த 30-ல்தான் இருந்திருக்கிறது, ராத்திரி ஸ்லீப்புக்குப் போய்விடுமாம். 300 விநாடி சத்தம் இல்லை என்றால் ஸ்விட்ச் அந்த மெஷினின் மேக்கை (நெட்வொர்க் கார்டு அட்ரஸ்) தன் டேபிளில் இருந்து மறந்துவிடும், டூல் பார்த்தது அந்தக் காலி டேபிளை. உப்புத்தோல் ஏற்றி வந்த டிரைவர் ஒருவர், அந்த நாற்றத்தில், மே மாத வெயிலில், "ஏம்பா, எடை போடுவியா, இல்ல தோலை இங்கயே காயப் போடட்டுமா?" என்றார். 30-ஐத் திரும்பச் சேர்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த முகம்தான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

காட்பாடி ஜங்ஷன்:
டூல் மேல் என்ன தப்பு சார்? ஸ்விட்ச் போர்ட்டின் செட்டிங்கில் 30 என்றுதானே இருந்திருக்கும், உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். எனக்கு வேறு கூத்து. பழைய சிஸ்கோ ஸ்விட்ச், எஸ்என்எம்பி வி2 (டூல் ஸ்விட்சிடம் விவரம் கேட்கிற முறை), வீலேன் 1-ல் இருந்ததைத் தவிர எதுவும் மேப்பில் வரவில்லை. நாற்பது மெஷின் ஆபீஸில் மூன்று. அதைப் போய் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், முதலாளி பார்த்துவிட்டு "மீதிப் பேர் லீவா?" என்றார்.

மக்கன்பேடா:
அண்ணா, அந்த மாடல்களில் ஒவ்வொரு வீலேனுக்கும் மேக் டேபிளைத் தனித்தனியாகக் கேட்கணும். எஸ்என்எம்பிக்குப் பாஸ்வேர்ட் மாதிரி இருக்கிற கம்யூனிட்டி பெயருக்குப் பின்னால் அட் குறி போட்டு வீலேன் நம்பர் சேர்க்கணும், வி3 என்றால் கான்டெக்ஸ்ட் என்ற தனி இடத்தில் வீலேனைச் சொல்லணும். சத்துவாச்சாரி ஆபீஸ் ஒன்றில் எனக்கு வாய்ஸ் வீலேன் (ஐபி போன்களுக்கானது) மொத்தமும் மேப்பில் காணாமல் போனது, அவ்வளவுதான் என் கதை. கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: ஸ்கேனைப் பகலில் ஓட்டுங்கள். ட்ரங்க்கின் இரண்டு முனையிலும் எந்தெந்த வீலேனை விட்டிருக்கிறது என்று கையால் ஒப்பிடுங்கள், சில டூல் ஒரு முனையை மட்டும் படித்துக் கோடு போட்டுவிடும். நேட்டிவ் வீலேன் (ட்ரங்க்கில் வீலேன் நம்பர் குறி இல்லாமல் போவது) இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இருந்தாலும் கோடு பச்சையாகவே இருக்கும். மேஜைக்கு அடியில் கிடக்கிற 8 போர்ட் சாதா ஸ்விட்ச் டப்பா பெரும்பாலும் மேப்பில் வராது, குனிந்துதான் பார்க்கணும்.

கோட்டை அகழி:
காட்பாடி சார், எடைமேடை ஸ்விட்ச் பாஸ்வேர்ட் அங்கே யாரிடமும் இல்லை, எதற்குள் போய்ப் பார்ப்பது? தம்பி, பகலில் ஓட்டிப் பார்த்தேன். சிபியு ஏறி ஸ்விட்ச் திணறியது. அன்றைக்கும் கேட்டில் அதே டிரைவர்.