நோடர் குமாரிதாஷ்விலியின் மரணத்துக்கு அனுபவக் குறைவு மட்டுந்தானா காரணம்?

அட்டன் ஆசிரியர்:
2010 பெப்ரவரி 12 அன்று, வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கவிருந்த நாளிலேயே, பயிற்சியின்போது உயிரிழந்த ஜோர்ஜிய லூஜ் (பனிக்கட்டித் தடத்தில் சிறு சறுக்கு வண்டியில் இறங்கும் போட்டி) வீரர் நோடர் குமாரிதாஷ்விலியைப் பற்றி எங்கள் தோட்டப் பாடசாலையின் சுவர்ச் சஞ்சிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அனுபவம் போதாதவர்' என்று சிலர் சொல்லும் ஒரே சொல்லால் அந்த 21 வயது இளைஞரின் வாழ்வை முடித்துவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

பண்டாரவளை வாசகி:
வணக்கம் சேர். அவர் பக்குரியானி என்ற மலையூரில் வளர்ந்தவர். தந்தை டேவிட் அதே விளையாட்டின் வீரர், சிறிய தகப்பனார் பீலிக்ஸ் அவருடைய பயிற்சியாளர். லூஜ் வண்டியில் தடுப்புக்கருவி (பிரேக்) கிடையாது. மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, கெண்டைக்காலாலும் தோளாலும் அழுத்தியே அதைத் திருப்ப வேண்டும். அது நீண்ட பயிற்சியால் உடலில் ஊறினால்தான் கைகூடும்.

நுவரெலியா நண்பர்:
அந்த ஒலிம்பிக்கின் லூஜ் தடமான விஸ்லர் தடத்தின் இறுதி வளைவில், மணிக்கு ஏறக்குறைய 144 கிலோமீற்றர் வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்த அவர், தடத்துக்கு வெளியே வீசப்பட்டு, எந்த மெத்தையும் சுற்றப்படாத இரும்புத் தூணில் மோதினார். அதற்கு முந்தைய 15ஆம் வளைவிலிருந்து தாமதமாக வெளிவந்ததே காரணம் என்றும், தடத்தில் குறையில்லை என்றும் அதிகாரிகள் உடனே அறிவித்தார்கள். ஆயினும் போட்டிக்கு முன்பாகவே அவ்விடத்தில் சுவரை உயர்த்தி, பனிக்கட்டியின் வடிவத்தை மாற்றி, ஆண்களின் தொடக்க இடத்தைக் கீழே இறக்கினார்கள். அவர் பிழை விட்டிருக்கலாம். ஆனால் பிழை விடுபவன் போய் விழும் இடத்தில் தூண் நின்றதற்கு அவர் பொறுப்பல்லர்.

எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் பேரிங் வண்டி ஓட்டிய நாட்களில், வளைவிலிருந்த கம்பத்தில் மோதி ஒரு பையனின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவனை ஏசுவதற்கு முன்பு, பெரிய அண்ணன்மார் லொறியின் பழைய டயர்களைக் கொண்டுவந்து கம்பத்தைச் சுற்றிக் கட்டினார்கள்.

அட்டன் ஆசிரியர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கட்டுரையைப் பக்குரியானியிலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய உறவினரான சபா குமாரிதாஷ்விலி 2022இல் பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அதே லூஜ் போட்டியில் இறங்கியதையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்.