பி53 பட்டை: ஆய்வக மேசையில் பார்த்தவை, திருத்திக்கொண்டவை

வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்த புரதத்தை ஆன்டிபாடி கொண்டு பட்டையாகக் காட்டும் சோதனை) பி53 என்ற புற்றுநோய்த் தடுப்புப் புரதம் தெரியவில்லை என்றதும் ஆன்டிபாடியைக் குறை சொல்லிவிடாதீர்கள். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பி53ஐ ஓயாமல் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நெருக்கடி இல்லாத செல்லில் இதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம்தான். எம்சிஎஃப்-7 செல்களை (இயல்பான பி53 உள்ள மார்பகப் புற்றுநோய்ச் செல்கள்) எம்டிஎம்2ஐத் தடுக்கும் நட்லின்-3ஏ மருந்தில், 10 மைக்ரோமோலார் அளவில், 6 முதல் 8 மணி நேரம் வைத்து லைசேட் (செல்லை உடைத்த சாறு) எடுங்கள். ஜெல்லில் பக்கத்துக் குழிக்கு, மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட செல்லின் லைசேட். நட்லின் குழியில் பட்டை தடித்தால் ஆன்டிபாடி சரி. பட்டையே வரக்கூடாத குழிக்கு, பி53 இல்லாத எச்1299 செல் போதும்.

* * *

பட்டையை 44 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தேட வேண்டாம். பி53இன் 393 அமினோ அமிலங்களின் எடை 43.7 கிலோடால்டன்தான்; ஆனால் புரோலின் நிறைந்த பகுதி ஓட்டத்தை மெதுவாக்குவதால் 53க்கு அருகில் நிற்கும். பெயரே அப்படி வந்ததுதான். 72ஆம் இடத்தில் புரோலின் உள்ள வகை, ஆர்ஜினின் வகையைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கும். இரண்டும் உள்ள செல்லில் நெருக்கமாக இரட்டைக் கோடு வரும். அதைச் சிதைவு என்று எழுதிவிடாதீர்கள். பி53க்கான டிஓ-1 ஆன்டிபாடி பிடிப்பது 20 முதல் 25 வரையுள்ள அமினோ அமிலங்களை. முன்பகுதி இல்லாத டெல்டா133 என்ற பி53 வடிவம் அதில் தெரியவே தெரியாது.

* * *

பட்டை தடித்திருந்தால் பி53 வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எச்இகே293டி செல்லில் எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜன் பி53ஐ இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும்: அளவு ஏராளம், செயல் முடக்கம். ஹீலா செல்லில் நேர் எதிர், எச்பிவி-18 (மனித பாப்பிலோமா வைரஸ்) தரும் இ6 புரதம் பி53ஐச் சிதைத்துத் தள்ளிவிடும். ஆர்175எச் (175ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின்) போன்ற பிறழ்வு வடிவங்களும் புற்றுநோய்ச் செல்லில் குவிந்து கிடக்கும். அதே பிளாட்டில், பி53 தூண்டிவிடும் பி21 புரதத்தையும் பாருங்கள். அது ஏறவில்லையென்றால் பி53 பட்டையை நம்பக் கூடாது.

* * *

பி53 டிஎன்ஏவோடு ஒட்டுவதைப் பார்க்கிறவர்களுக்கு: சிப் சோதனையில் (புரதம் ஒட்டிய டிஎன்ஏ துண்டுகளை ஆன்டிபாடியால் பிடித்தெடுக்கும் முறை) இரண்டையும் பிணைக்க 1% ஃபார்மால்டிஹைடு 10 நிமிடம், பிறகு அதை நிறுத்த 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம். ஃபார்மால்டிஹைடு நேரம் கூடினால் குரோமாட்டின் (புரதத்தோடு சேர்ந்த டிஎன்ஏ) உடையாது. 200–500 கார இணை நீளத் துண்டுகள் வர வேண்டிய இடம் காலியாக, ஜெல்லின் உச்சியில் பூசினாற்போல் நிற்கும். ஆன்டிபாடி பிடிக்கும் இடமும் மூடிப்போகும். சோதித்துப் பார்க்க பி21ஐத் தரும் சிடிகேஎன்1ஏ மரபணுவின் தொடக்கத்துக்குச் சுமார் 2,300 கார இணை முன்னால் உள்ள இடம் நல்லது. தூய்மைப்படுத்திய பி53ஐ ஜெல் ஷிஃப்டில் (புரதம் ஒட்டினால் டிஎன்ஏ மெதுவாக ஓடுவதைப் பார்க்கும் சோதனை) ஓட்டும்போது பஃபரில் உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏவைக் கூட்டாதீர்கள். பி53 டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியைத் தாங்குவது ஒரே ஒரு துத்தநாக அயனி, இடிடிஏ அதை உருவிவிடும்.

* * *

நட்லின் பற்றி ஒரு சேர்க்கை. டிஎன்ஏ சேதமானால் பி53இன் செரின்-15இல் (15ஆம் அமினோ அமிலம்) பாஸ்பேட் ஏறுவதைப் பார்க்க அது உதவாது, டிஎன்ஏவை அது சேதப்படுத்துவதில்லையே. அதற்கு, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் டாக்ஸோரூபிசின் போடுங்கள். லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) பாஸ்பேடேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பானையும் மறக்க வேண்டாம்.