உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை: குழந்தையின் கை உண்மையில் சுத்தமாகிறதா?

கேள்வி: ஒரு தாய், சூரமங்கலம்

வணக்கம். எங்கள் வீட்டில் புழக்கத்திற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். சேலத்தின் பல தெருக்களில் இருப்பதைப் போலவே அதுவும் கடும் உப்புத் தண்ணீர். பாத்திரங்களில் வெள்ளைப் படிவு நிற்கும், சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. மேட்டூர்க் காவிரித் தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் வருகிறது என்பதால், அதைக் குடங்களில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்திருக்கிறோம்.

நான்கு வயதான என் இளைய மகனுக்கு இரண்டு மாதங்களில் மூன்று முறை வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் எழுதித் தந்த மருத்துவர், சாப்பிடும் முன் கை கழுவுகிறானா என்று கேட்டார். கழுவுகிறான் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. நுரையே வராத தண்ணீரில் கழுவினால் கிருமி போகுமா? கிருமிநாசினி சோப்பு வாங்க வேண்டுமா, சானிடைசர் போதுமா? அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலே போதுமாக இருந்தது என்கிறார் என் மாமியார்.

பதில் 1: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், அஸ்தம்பட்டி

சகோதரி, உங்கள் சந்தேகம் நியாயமானது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகப் படிகின்றன. நாம் தேய்க்கும் சோப்பின் ஒரு பகுதி இப்படியே வீணாகி, மிச்சம் இருப்பதுதான் கையில் வேலை செய்கிறது. எனவே உப்புத் தண்ணீரில் சோப்பு கூடுதலாகத் தேவைப்படுமே தவிர, கழுவுவதே பயனற்றது என்று ஆகாது. கையில் உள்ள எண்ணெய்ப் பசையையும் அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளையும் சோப்பு பெயர்த்துவிட, தேய்ப்பும் ஓடும் தண்ணீரும் அவற்றைக் கொண்டுபோகின்றன. கால் டம்ளர் காவிரித் தண்ணீரில் கையை நனைத்துச் சோப்பு போட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி இருபது விநாடி தேய்த்த பிறகு, உப்புத் தண்ணீரை ஊற்றி அலசச் சொல்லுங்கள். குடிநீரும் அதிகம் செலவாகாது. கடைகளில் விற்கும் திரவக் கைகழுவிகள் பெரும்பாலும் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்.

கிருமிநாசினி சோப்புக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சாதாரண சோப்பைவிட அது மேலானது என்பதற்குத் தயாரிப்பாளர்கள் போதிய சான்று காட்டவில்லை என்று கூறி, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருட்களை வீட்டுச் சோப்புகளில் தடை செய்தது. சானிடைசரில் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் அது சரிவர வேலை செய்யாது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் அதற்கு எளிதில் அடங்காது. பயணத்தில் வைத்துக்கொள்ளலாம். சாம்பலைப் பொறுத்தவரை, சோப்பே கிடைக்காத இடத்தில் வெறும் தண்ணீருக்குப் பதில் பயன்படுத்தலாம். மண்ணை மட்டும் ஒருபோதும் எடுக்கக் கூடாது, அதில் குடற்புழு முட்டைகள் இருக்கலாம்.

கை கழுவுவதன் பலனை உலகம் கண்டதே ஒரு பிரசவ வார்டில்தான். 1847-இல் வியன்னா நகர மருத்துவமனையில், பிணக்கூறு செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைச் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த பிரிவில், ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. நாங்கள் குடிநீர்த் தொட்டிகளில் போடும் பிளீச்சிங் தூளின் உறவுதான் அந்தக் கரைசல். பணியில் இருந்த காலம் முழுவதும் இதைச் சொல்லாமல் நான் எந்தக் கூட்டத்தையும் முடித்ததில்லை.

பதில் 2: தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

எங்கள் மலையில் தண்ணீர் நன்றாக நுரைக்கும், குளிர்தான் சிக்கல். மார்கழி, தை மாதங்களில் குழந்தைகள் விரல் நுனியை நனைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். வெந்நீர் வைத்துத் தர முடியவில்லையே என்று நான் வருந்தியதுண்டு; கிருமியை அகற்றுவதில் தண்ணீரின் சூடு ஒரு பொருட்டே இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். சத்துணவுக்கு முன் வரிசையாக நிற்கவைத்து ஒருவர் சொம்பில் ஊற்ற, ஒருவர் தேய்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒரே வாளியில் எல்லோரும் கையை முக்குவதை முதலில் நிறுத்தினோம், ஏனெனில் அது ஒருவர் கைக் கிருமியை மற்ற எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதாகும். நகத்தையும் வாராவாரம் பாருங்கள் அம்மா. பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்தாலும், நகத்தடியில் முட்டை இருந்தால் புழு திரும்பவும் வந்துவிடும்.

பதில் 3: தட்டுவடை செட் கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

ஐயா சொன்ன முறையோடு, சோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள் அம்மா. என் வண்டியில் கைகழுவும் கேனை முன்பு பின்புறம் வைத்திருந்தேன். கேட்டு வாங்கிக் கழுவியவர்கள் மிகச் சிலரே. குழாய் வைத்த கேனைச் சோப்போடு முன்பக்கம் மாற்றிய பிறகு, யாரும் சொல்லாமலே கழுவிவிட்டுத் தட்டை வாங்குகிறார்கள். பணம் வாங்குவதற்கு இப்போது என் மனைவி தனியாக நிற்கிறார், சட்னி தடவும் கை காசைத் தொடுவதில்லை. உங்கள் பையனின் கைக்கு எட்டும் உயரத்தில் சோப்பு இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் சோப்பு என் தோள் உயரத்தில் ஒரு மாடத்தில் இருந்தது. இன்று காலை சின்ன முக்காலியின் மேல் இறக்கி வைத்துவிட்டேன். இன்னொன்றையும் கண்டேன். அவன் விளையாடிவிட்டு வந்து, காவிரித் தண்ணீர்க் குடத்தில் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல்கள் நான்கும் தண்ணீருக்குள் முழுகுகின்றன. நான்கைந்து நாள் வைத்துக் குடிக்கும் தண்ணீர் அது. நீண்ட காம்புள்ள அகப்பை போதுமா, அல்லது குழாய் வைத்த பாத்திரத்திற்கே மாறிவிட வேண்டுமா?

பதில் 1-ஐ எழுதியவர்

குழாய் வைத்த பாத்திரமே நல்லது, சகோதரி. அகப்பையையும் குழந்தை எங்கேனும் வைத்துவிட்டு எடுப்பான். அது வாங்கும்வரை குடத்தை மூடி, தண்ணீரைச் சாய்த்து ஊற்றிக் கொடுங்கள். இப்போது குடத்தில் இருப்பதை மட்டும் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். மீண்டும் வயிற்றுப்போக்கு வந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.