அல்டிமேட் ஆட்டத்தில் புள்ளி எண்ணிய அனுபவங்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

டர்பனிலிருந்து

போன சனிக்கிழமை நடந்தது இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எழுதுகிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 175 கிராம் எடையுள்ள பறக்கும் தட்டு, நாங்கள் டிஸ்க் என்போம். அணிக்கு ஏழு பேர். டிஸ்கைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. எதிரில் நிற்பவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிட வேண்டும். மைதானம் 100 மீட்டர் நீளம், அதில் இரண்டு முனையிலும் 18 மீட்டர் கோல் பகுதி. நம்ம ஆள் எறிந்ததை நம்ம ஆளே அந்தப் பகுதிக்குள் பிடித்தால் ஒரு புள்ளி. முதலில் 15 எடுக்கும் அணிக்கு வெற்றி. ஒரு அணி 8-ஐத் தொட்டதும் இடைவேளை.

நாங்கள் 7-6 என்று முன்னால் இருந்தோம். நீளமாக ஒரு எறி வந்தது. துள்ளிப் பிடித்து இறங்கினேன், எங்கள் அணி முழுவதும் கையைத் தூக்கிவிட்டது. அப்போது எதிரணியில் ஒரு பள்ளிக்கூடப் பெண், "அங்கிள், உங்கள் கால் கோட்டில் பட்டது" என்றாள்.

விதி என்னவென்றால், பிடித்த பிறகு உடம்பு தரையில் முதலில் படும் இடம் முழுக்கக் கோல் பகுதிக்குள் இருக்க வேண்டும். கோடு அந்தப் பகுதியைச் சேர்ந்ததல்ல. பெருவிரல் கோட்டில் பட்டால்கூடப் புள்ளி கிடையாது. எங்கள் ஊர் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் அம்பயரின் விரலைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே பார்ப்பதற்கு அம்பயரே இல்லை. ஆடுகிறவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும், அதுவும் யார் நல்ல இடத்தில் நின்று பார்த்தாரோ அவர் சொல்லுக்கே மதிப்பு. பேசியும் ஒத்துவரவில்லை என்றால் டிஸ்க் எறிந்தவர் கைக்கே திரும்பிப் போகும்.

என் மனசுக்கு நான் உள்ளே விழுந்த மாதிரிதான் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் மேலே டிஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கோட்டுக்கு நேராக நின்று என் காலைப் பார்த்திருக்கிறாள். சரி என்று கோட்டருகே வந்து நின்றேன். அடுத்த எறியிலேயே எங்கள் தம்பி ஒருவர் உள்ளே பிடித்தார், 8-6, இடைவேளை. பதினாறு வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பெரியவர்கள் பத்துப் பேர் கை தூக்கி நிற்கும்போது பதறாமல் வந்து சொன்னாளே, அதை நினைத்தால் அவள் மேல் அவ்வளவு மரியாதை வருகிறது.

கேப் டவுனிலிருந்து

அண்ணா, எங்கள் ஊரில் கோட்டைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். கோடையில் தென்கிழக்குக் காற்று கிளம்பினால் டிஸ்க் சொன்ன பேச்சு கேட்காது. எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு புள்ளிதான், ஆனால் எதிர்க்காற்றில் போடும் கோல்தான் ஆட்டத்தைத் திருப்பும். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

கோல் போட்ட அணி போட்ட இடத்திலேயே நிற்கும், மற்ற அணி எதிர்முனைக்கு நடந்து போகும். பிறகு கோல் போட்டவர்களே டிஸ்கை எறிந்து கொடுக்க வேண்டும். காற்றோடு கோல் போட்டேன் என்றால், அடுத்து எதிரணி டிஸ்கை வாங்கிக் காற்றோடு வரும். அவர்கள் ஒன்று போடுவார்கள், திரும்ப நாங்கள் ஒன்று, அப்படியே மாறி மாறிப் போகும். காற்றை எதிர்த்து ஒன்று போட்டுவிட்டால்? அடுத்த முறை காற்றை எதிர்த்துக் கிளம்ப வேண்டியவர்கள் அவர்கள், டிஸ்கைப் பறித்தால் எங்களுக்குக் காற்று துணை. ஒரு கோல் இரண்டாவதையும் இழுத்துக்கொண்டு வரும்.

இன்னொன்று. எதிரணி தன் காவல் முனையிலேயே நின்று டிஸ்கைக் கைமாற்றிக்கொண்டிருந்தது. நான் குறுக்கே பாய்ந்து பிடித்தேன், அவர்களுடைய கோல் பகுதிக்குள்ளேயே. பறித்துவிட்டோம், இனி ஆட்டத்தைத் தொடரலாம் என்று எறிய ஆள் தேடினேன். அவர்கள் கேப்டன்தான் வந்து, "நிறுத்துங்கள், இது உங்களுக்குக் கோல்" என்று சொன்னார். எதிரணி எறிந்ததை அவர்கள் காக்கும் கோல் பகுதிக்குள்ளேயே இப்படிப் பறித்துப் பிடித்தால் அதுவும் கோல்தான்; ஹென்றி கேலஹன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பெயரால் இதைக் கேலஹன் என்கிறார்கள். எனக்கே தெரியாத என் புள்ளியை எதிரணிக்காரர் எடுத்துக் கொடுத்தார். அன்றுதான் விதிப் புத்தகத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

தம்பிகளா, நான் ஆடுகிறவள் இல்லை. பேரன் ஆடும்போது ஓரமாக நாற்காலி போட்டு எண்ணுகிறவள். ஒரு தட்டில் கூழாங்கல் வைத்து எண்ணுவேன்.

தொடக்கத்தில் பக்கத்தைப் பார்த்துக் கல் வைத்தேன், இடது பக்கம் நிற்பவர்களுக்கு இடது குவியல் என்று. கோல் விழுந்ததும் அணிகள் முனை மாறுவதால் கணக்கு குழம்பிவிட்டது. பிறகு சட்டை நிறத்துக்குக் கல் வைத்தேன், சரியாக வந்தது. அந்தக் குழப்பத்திலிருந்தே ஒரு வழியும் கிடைத்தது.

ஒருநாள் இரண்டு கேப்டன்களுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் 5-4 என்கிறார், மற்றவர் 5-5 என்கிறார். அன்று நான் தாமதமாகத்தான் போனேன், என் தட்டிலும் முழுக் கணக்கு இல்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும்போது எந்த அணி எங்கே நின்றது என்று கேட்டேன். சிவப்புச் சட்டைக்காரர்கள் மாமரத்துப் பக்கம் என்றார்கள். அடுத்த எறிக்கு இப்போதும் அவர்கள் மாமரத்துப் பக்கம்தான் நிற்கிறார்கள். ஒவ்வொரு கோலுக்கும் ஒருமுறை மாறுகிறார்கள் என்றால், பழைய இடத்துக்கே வந்திருக்கும்போது மொத்தக் கோல் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒன்பது ஆகாது, பத்து. 5-5 என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பேரன் ஒருநாள் ஆட்டம் முடிந்து, "ஆயா, எங்களுக்கு ஸ்பிரிட் மார்க் 11" என்றான். எத்தனைக்கு என்றேன், 20-க்கு என்றான். பாதிதானே வாங்கியிருக்கிறாய் என்று வருத்தப்பட்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான். ஆட்டம் முடிந்ததும் எதிரணி நமக்கு மார்க் போடும், நாம் அவர்களுக்குப் போடுவோம். விதி தெரிந்து ஆடினார்களா, மேலே மோதாமல் ஆடினார்களா, நியாயமாக நடந்தார்களா, மனநிலை எப்படி, பேச்சு எப்படி என்று ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. ஒழுங்காக ஆடினாலே 2 கிடைக்கும், ஆக 10 என்பது நல்ல மார்க்கு. 11 வாங்கிய பிள்ளையிடம் போய் முகம் வாடியிருக்கிறேன். அன்று இரவு அவனுக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தேன்.

டர்பனிலிருந்து

அம்மா, உங்கள் மாமரத்துக் கணக்கை நேற்றுப் பயிற்சியில் எல்லோருக்கும் சொன்னேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் தொடக்கத்தில் நின்ற முனைக்கு எதிர்முனையில் தொடங்கும். அதனால் இரண்டாம் பாதிக்கு அங்கிருந்து புதிதாக இரட்டை, ஒற்றை பார்க்க வேண்டும்.

நேரம் தீர்ந்துபோனால் 15 வரை காத்திருப்பதில்லை என்பதும் உங்களுக்கு உதவும். நடந்துகொண்டிருக்கும் புள்ளியை முடிப்பார்கள், அப்போது அதிகம் வைத்திருக்கும் அணியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி அதுவே புது இலக்கு. 11-9 என்றால் 12 வரை.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். பேரனோடு வாருங்கள், நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறேன். கல் மட்டும் நீங்கள் கொண்டு வந்தால் போதும்.